சீர் ஏற்றிய வண்டி பின்னால் போகாது

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராகப் போனவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசவும் எனக்கு வராது. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். திருவனந்தபுரம் போய் வந்ததைப் பேசியே தீர்க்க முடிந்திருந்தால் இவ்வளவு காகிதத்தைக் கெடுத்திருக்க மாட்டேன்.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊர். சொந்தமாக ஒரு மினி லாரி வைத்திருக்கிறேன். மிளகாய் வத்தல், பருத்தி, உளுந்து, தீப்பெட்டி பண்டல், எது கிடைத்தாலும் ஏற்றுவேன். என் தங்கை சண்முகத்தாய் திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர்கள் மகளுக்கு மாசியில் கல்யாணம். நான் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் பக்கத்திலிருந்து போய் அங்கே கடை போட்டவர்கள்தான். அதனால் முறையெல்லாம் தெரிந்தவர்கள்.

முறை என்னவென்றால், கல்யாணத்துக்கு முந்தின நாள் விளக்கு வைப்பதற்குள் தாய்மாமன் சீர் பெண் வீட்டில் இறங்கிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். சீர் இல்லையென்றால், பெண்ணுக்கு ஒன்றென்றால் கேட்க ஆளில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்தப் பிள்ளை காலத்துக்கும் அதைச் சுமக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சீர் ஏற்றிய வண்டி முன்னால்தான் போகும். இறக்கும் வரைக்கும் ஒரு முழம்கூடப் பின்னால் நகரக் கூடாது. இதற்காகவே கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வண்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் தட்டுகளை ஏற்றினேன்.

ஒற்றைப்படையாக ஒன்பது தட்டு. தேங்காய், பழம், பூ, பட்டுச்சேலை, கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய் என்று என் மனைவி செல்லத்தாய் ஒவ்வொன்றாக அடுக்கினாள். தட்டுகளோடு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. கீழே காதர் அண்ணாச்சியின் வத்தல் மூட்டைகள். நடுவில் புதுப் பாய் விரித்திருந்தோம். அண்ணாச்சி விளாத்திகுளத்தில் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். திருவனந்தபுரத்து வியாபாரிக்கு அவர் அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தது.

"டீசலு எம் மூட்டைக்கு, சீரு உம்ம தங்கச்சிக்கு. நானும் கூட வாரேன் தம்பி. உம்மைத் தனியா விட்டா கேக்க வேண்டிய எடத்துல கேக்க மாட்டீரு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் செல்லத்தாயும் அண்ணாச்சியும் கேபினில் ஏறிக்கொள்ள, கிளம்பினோம். இரண்டு பக்கமும் மிளகாய்ப் பழம் காயப் போட்டிருந்தார்கள். கரிசலில் சிவப்புச் சேலையை விரித்தது மாதிரி இருந்தது. கோவில்பட்டியில் டீயும் சூடாக உளுந்த வடையும் சாப்பிட்டோம். அதற்கப்புறம் நாலு வழி ரோடு.

இந்த ரோட்டை நான் கிளீனராக இருந்த நாளிலிருந்து அறிவேன். அப்போது ஒற்றை ரோடு. இரண்டு பக்கமும் புளியும் வேம்பும் நிற்கும். மத்தியானம் எந்த டிரைவரும் அதன் அடியில்தான் படுத்திருப்பான். கரிசல் மண் வெயிலுக்குக் கையகலம் வெடித்துவிடும், களம் நிற்காது. அதனால் தை பிறந்தால் எங்கள் சனம் உளுந்துச் செடியைத் தார் ரோட்டில்தான் பரப்புவார்கள். வருகிற வண்டி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். அச்சில் செடி சுற்றிக்கொள்ளும் என்று டிரைவர்கள் வைவார்கள். வைதுகொண்டே மேலே ஏற்றிப் போவார்கள். நானும் அப்படித்தான்.

வசூல் அப்போதும் இருந்தது. சில ஊர்களில் பாலத்துப் பக்கம் ஒரு மூங்கில், மறுமுனையில் ஒரு கல்லைக் கட்டியிருப்பார்கள். கீற்றுக் கொட்டகையிலிருந்து ஒரு ஆள் வந்து சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். பாலம் கட்டிய காசு வசூலானதும் எடுத்துவிடுவோம் என்பார்கள். யாரும் நம்பவில்லை. ஆனால் ஒருநாள் போனால் மூங்கிலும் இல்லை, கொட்டகையும் இல்லை. எங்கள் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு, வழி தவறி வந்துவிட்டோமா என்று கடைக்காரரிடம் கேட்டார்.

அப்புறம் நிலத்தை அளந்து கல் நட வந்தார்கள். மரங்களை வெட்டினார்கள். புஞ்சைகளை எடுத்துக்கொண்டார்கள். நாலு வழி வந்தது. நல்ல ரோடுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். டயர் தேய்மானம் குறைந்தது உண்மை. ஆனால் காசு கொடுக்க மனமில்லாதவன் போக வேறு வழி இருக்கிறதா? பழைய ரோட்டுக்கு மேலேயே புது ரோட்டைப் போட்டு, அதில் டோல் கேட்டையும் போட்டுவிட்டார்கள். வண்டி வாங்கும்போது ரோட்டுக்கு வரி கட்டினேன். டீசல் ஊற்றும்போதும் ரோட்டுக்கென்று எடுக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவன் நடு ரோட்டில் கட்டையைப் போட்டு நிற்கிறான். மூங்கில் என்றைக்காவது போனது. இந்தக் கேட் என்றைக்குப் போகும் என்று நான் கேட்டுப் பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கேட் நிற்கும் இடம் செல்லத்தாயின் பிறந்த ஊர்ப் புஞ்சை. அவள் தாத்தா உளுந்து விதைத்த மண். கேட் திறந்த பிறகு நான் அந்த வழியாகப் போவது அதுதான் முதல் தடவை. தூரத்திலிருந்து பார்க்கக் கல்யாண மண்டபம் போல விளக்கும் கூரையுமாக இருந்தது. எல்லா வரிசையிலும் வண்டிகள் நின்றன. இடது ஓரத்து வரிசை மட்டும் காலியாகக் கிடந்தது. பலகையில் என்னவோ எழுதியிருந்தது, இங்கிலீஷும் இந்தியும் பெரிதாக. தமிழ் எங்கே என்று தேடுவதற்குள் உள்ளே போய்விட்டேன்.

சீருடை போட்ட ஒருவன் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான். "பின்னால எடுங்க, பின்னால எடுங்க. இது காசு கட்டாத வண்டி போற பாதை." பக்கத்தில் வந்தபிறகுதான் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். வேலுச்சாமி. செல்லத்தாயின் சித்தப்பா மகன். புஞ்சை போன வீட்டுக்கு ஒரு வேலை என்று அவனை அங்கே காவலுக்கு வைத்திருந்தார்கள்.

"அத்தானா? இந்த வழியில ஏன் வந்தீய?"

"காலியாக் கெடந்துச்சு" என்றேன்.

"அது பெரிய ஆளுக போறதுக்குப் போட்டிருக்கு. டூட்டில இருக்கேன் அத்தான், தப்பா நெனைக்காதீய. பின்னால எடுத்து அடுத்த வரிசையில வாங்க."

செல்லத்தாய் என்னைத் தாண்டித் தலையை நீட்டினாள். "ஏலே வேலு, சீரு ஏத்தியிருக்குலே."

வேலுவின் வாயிலிருந்து விசில் விழுந்து கயிற்றில் தொங்கியது.

அண்ணாச்சி இறங்கினார். "காச இங்கனயே வாங்கிக்கிடும் தம்பி. வேணும்னா ரெண்டு மடங்கு தாரேன்."

"இங்கன மிசின் கெடையாது அண்ணாச்சி. கையில வாங்குனா நான் களவாண்டதா ஆகிப்போகும்."

அதற்குள் பின்னால் ஒரு கார் வந்து ஒட்டி நின்றது. அதன் பின்னால் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ். அந்த டிரைவரும் என்னைப் போலத்தான், காலியாகக் கிடந்தது என்று வந்திருப்பார். கார்க்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். கழுத்தில் டை, பேச்சு இந்தி. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் வத்தல் நெடியில் பலமாக ஒரு தும்மல் போட்டார்.

"ஒத்தத் தும்மலு" என்று செல்லத்தாய் முகம் மாறினாள். "இன்னொன்னு தும்மச் சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சொல்லாமலே நாலைந்து தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு கையைப் பின்பக்கமாக ஆட்டினார். அண்ணாச்சிக்கு வியாபார இந்தி தெரியும். அவர் எடுத்துச் சொன்னார்: "வண்டி பின்னால போனா உள்ள இருக்க சாமான் ஒடஞ்சா போயிரும்னு கேக்குதாரு."

"அவிய கல்யாணத்துக்குப் பின்பக்கமா நடந்தா போனாவ, கேளுங்க" என்றாள் செல்லத்தாய். "எங்க தாத்தா புஞ்சையில நின்னுக்கிட்டு என்னையப் பின்னால போகச் சொல்லுதாவ. பெரிய ஆளுக காரு வந்தா முன்னால போகுதாம். எங்க வீட்டுச் சீரு பின்னால போகணுமாம்."

அண்ணாச்சி அதை இந்தியில் சொல்லவில்லை. "தம்பி, நீரு ஒண்ணு சொல்லும்" என்று என்னைப் பார்த்தார். நான் செய்தது ஒன்றுதான். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். இருபது வருஷ ஓட்டத்தில், பின்னால் ஹாரன் கேட்கும்போது நான் இன்ஜினை அணைத்தது அன்றைக்குத்தான்.

பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வண்டி படுத்துருச்சா?"

"சீரு வண்டிம்மா. பின்னால எடுக்கச் சொல்லுதாவ" என்றார் அண்ணாச்சி.

"சீரா? யாரு சீரு?"

"தாய்மாமன் சீரு."

பஸ்ஸுக்குள் ஒரு சத்தம் எழுந்தது. "ஏட்டி, தாய்மாமன் சீராம்ட்டி. அதப் போயி பின்னால எடுக்கச் சொல்லுதானாம்." ஒவ்வொருவராக இறங்கி வந்துவிட்டார்கள். கார்க்காரரின் ஹாரன் தானாக நின்றது.

செல்லத்தாய் அவர்களைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "சீர இறக்குங்க. வண்டி வேணா பின்னால போகட்டும். சீரு முன்னாலதான் போகும். நடந்து போறதுக்கு யாருக்குக் காசு?"

தட்டுகளை இறக்கினோம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஆளுக்கொன்றாக வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். தாய்மாமன் முன்னால் போக வேண்டும் என்று குத்துவிளக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த வெட்டவெளியில், அத்தனை டிரைவர்களும் பார்க்க, நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அந்த அம்மா குலவை போட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேஸ்திரி கையை நீட்டி என்னவோ கத்தினார். குலவையில் அது யாருக்கும் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்தபடி நடந்தேன். கட்டை என் நெற்றியில் இடிக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அது மேலே இருந்தது.

அந்தப் பக்கம் போனதும் பாயை விரித்துச் சீரை வைத்துவிட்டு ஓடி வந்தேன். முதலில் பஸ், பிறகு கார், பிறகு நான் என்று எல்லோரும் பின்னால் எடுத்தோம். "இத முதல்லயே செஞ்சா என்ன?" என்று கார்க்காரர் கேட்டார். அடுத்த வரிசையில் கடைசியாகப் போய் நின்றோம். அது நகர்ந்ததா, ஊர்ந்ததா, சொல்லத் தெரியவில்லை. என் முறை வந்தபோது வெயில் உச்சிக்குப் போய்விட்டது. காசைக் கட்டினேன். சில்லறை இல்லையென்று ஒரு மிட்டாயைக் கையில் வைத்தார்கள். கோவில்பட்டியைத் தாண்டி வந்தவனுக்கு மிட்டாய்.

சீரை மறுபடியும் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்தப் பெண்களுக்கு ஆளுக்கொரு பழமும் வெற்றிலையும் கொடுத்தோம். "சம்பளத்துல பிடிக்க மாட்டாவளா தாயி?" என்று அண்ணாச்சி கேட்டார். "பிடிச்சா பிடிக்கட்டும். தெனமும் குச்சி அடுக்குதோம். ஒருநா சீரு தூக்கக் கூடாதா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

அதன் பிறகு நான் ஓட்டிய ஓட்டம் எனக்கே பிடிக்காத ஓட்டம். திருநெல்வேலி தாண்டி ஒரு கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு நின்றபடியே சாப்பிட்டோம். காற்றாலைகள் சுற்றும் கணவாயில் எதிர்க்காற்று வண்டியைத் தள்ளியது. நாகர்கோவில் பக்கம் வயலெல்லாம் தண்ணீர். "இத்தன தண்ணிய ஒண்ணா நம்ம ஊருல பாத்ததே கெடையாது" என்றாள் செல்லத்தாய். எனக்குத் தண்ணீரைப் பார்க்க நேரமில்லை, சூரியனைப் பார்த்தேன். கேரள செக்போஸ்டுக்கு மத்தியானத்துக்குள் வந்திருந்தால் நாலைந்து லாரிதான் நின்றிருக்கும். நாங்கள் போன நேரத்தில் வரிசை வளைந்து கிடந்தது. வத்தலுக்குக் காகிதம் காட்டி வெளியே வரும்போது தென்னைகளுக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அங்கே ரோடு குறுகல், வளைவுக்கு வளைவு பஸ். ஆனால் நாங்கள் போன ரோட்டில் ஒருவரும் குறுக்கே கட்டை போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

தங்கை வீட்டுத் தெருவில் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. அவள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. கல்யாண வீடு இருட்டாக இருந்தால் என்ன நினைப்பது? வாசலில் யாரோ இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டு நின்றார்கள். இந்த வீட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லையா என்று ஒருவர் கேட்டார். கரண்ட் இருக்கிறது, அந்த அம்மா யாரையும் சுவிட்சில் கை வைக்க விடவில்லை என்றார் மற்றவர்.

சண்முகத்தாய் இருட்டிலிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பது நிழலாகத் தெரிந்தது.

"நேரமாயிட்டு" என்றேன்.

"என்ன நேரம்?" என்றாள். "விளக்கு வைக்கதுக்குள்ள சீரு வரணும். அவ்வளவுதானே முற? நான் இன்னும் வெளக்கே வைக்கலியே அண்ணே. கொண்டா."

நான் கொண்டுபோன குத்துவிளக்கைத்தான் முதலில் ஏற்றினாள். அந்த வெளிச்சத்தில்தான் மாப்பிள்ளையின் தாயார் முகத்தைப் பார்த்தேன். அவர் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கடலை மிட்டாய்த் தட்டைத் தன் கையாலேயே விளக்குக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். தங்கை அழவில்லை. செல்லத்தாய்தான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாலை எடுத்துக் கொடுக்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏறி, கொடுத்து, இறங்கிவிட்டேன். சாப்பாட்டில் அரிசி பெரிது பெரிதாகச் சிவப்பாக இருந்தது. பாயசம் மட்டும் மூன்று வகை. பக்கத்தில் உட்கார்ந்த உள்ளூர்க்காரர், எங்கள் ஊர் மிளகாய்ப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். இதைத் தின்றுவிட்டு நீங்கள் எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்றாராம். அண்ணாச்சி எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

அதற்கு அடுத்த நாள் காலி வண்டியோடு திரும்பினோம். வேலுவுக்கென்று நேந்திரங்காய் வறுவலும் கல்யாணப் பலகாரமும் ஒரு பையில் செல்லத்தாய் மடியிலேயே வைத்திருந்தாள். கேட்டில் ஓரத்து வரிசையில் வேறு ஆள் நின்றான். வேலுச்சாமி எங்கே என்று கேட்டோம். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. காசு வாங்கும் பிள்ளைதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்த அண்ணன அன்னைக்கே நிப்பாட்டிட்டாங்க."

ஊருக்குள் போனோம். அவன் வேறொருவர் புஞ்சையில் கூலிக்குச் சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்தான். அங்கே நின்றாலும் கேட்டின் கூரை தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் அரிவாளை வைத்துவிட்டு, "சீரு நேரத்துக்குப் போச்சா அத்தான்?" என்றுதான் முதலில் கேட்டான்.

"போச்சு" என்றேன்.

"பின்ன என்ன."

"ஏலே, ஒன் வேலை?" என்று செல்லத்தாய் கேட்டாள்.

"புஞ்சையவே எடுத்தாவ. வேலைய விட்டா வைப்பாவ?" என்று பையைப் பிரித்து ஒரு வறுவலை வாயில் போட்டான். "சீரு வருது. நம்ம தாத்தா மண்ணு. கட்டையப் பிடிச்சுக்கிட்டு நின்னா ஊருக்குள்ள எவ எனக்குச் சோறு போடுவா? தூக்கிட்டேன். வசூல் பண்ணாம வண்டிய விட்டதா எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாவ. அதுதான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. களவாணின்னு ஆயிப்போச்சு."

வண்டியை விட்டதா? எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகும் ஆறவில்லை. "பேச வரலைன்னா எழுதும் வே. அஞ்சாங்கிளாசு தமிழ் போதும்" என்றார் காதர் அண்ணாச்சி. அதனால் எழுதுகிறேன். அந்தக் கேட்டை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தாலும் சரி, வேலுச்சாமி ஊர்க்காரர்கள் படித்தாலும் சரி.

அன்றைக்கு அந்தக் கட்டைக்குக் கீழே போனது ஒன்பது தட்டு, ஒரு விளக்கு, தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், நான். எல்லோரும் நடந்து போனோம். என் வண்டி போகவில்லை. பின்னால் எடுத்து, வரிசையில் நின்று, காசு கட்டித்தான் போனது. அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் கொண்டுவந்து காட்டுவேன். வேலுச்சாமி எந்த வண்டியையும் விடவில்லை. சீருக்குத்தான் வழி விட்டான்.

15-3-2009, ஞாயிற்றுக்கிழமை.